லென்ஸுக்கு வைத்த சந்தனம்

போன மாதம் கல்கத்தா நியூ டவுனில் ஒரு கம்பெனியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டையரான கிழவனைக் கூப்பிட்டு, மாலை போட்டு, ஏசிக் குளிரில் தும்ம வைத்து அனுப்புவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பேச்சுக்கு முன்னால் அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் தங்கள் மென்பொருளைக் காட்டினார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு போல்ட்டைப் பிடித்தார்கள். இமைப்பதற்குள் திரையில் அதன் விளிம்பைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது, பக்கத்தில் அளவும் வந்து நின்றது. கையை ஆட்டினால் கோடும் கூடவே ஆடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அப்புறம் ஒரு பெண் எழுந்தாள். நம்ம தமிழ்ப் பெண்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "ஸார், உங்க காலத்துல எட்ஜ் டிடெக்‌ஷன் அக்யூரஸியைக் கூட்டறதுக்கு என்ன டெக்னிக் யூஸ் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"சந்தனம் வச்சோம்மா" என்றேன்.

அரங்கமே சிரித்தது. கிழவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது என்று கூட்டத் தலைவர் தனியாகப் பாராட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நடந்ததைத்தான் சொன்னேன். அங்கே விளக்க நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் தென்காசிப் பக்கம். அப்பா லேக் மார்க்கெட் அருகே கடை வைத்திருந்தார். காபித்தூள், அப்பளம், வடாம், புளி, கற்பூரம், சந்தனம் என்று தெற்கத்திக்காரனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். மரியாதை மட்டும் கிடைக்காது என்று என் அம்மாவே சொல்வாள். அந்தச் சந்தனத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். அதில் சந்தனம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்பது அப்பாவுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். குழைத்து வைத்தால் சற்று நேரத்தில் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். கல்யாண வீடுகளில் நெற்றியைச் சுரண்டிக்கொண்டு திரிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கலப்படம் என்று யாராவது முணுமுணுத்தால் போச்சு. "என் கடைச் சந்தனத்தையா சொல்லுதீரு? சுத்தமான சரக்குவே இது!" என்று தராசுத் தட்டு அதிர எழுந்துவிடுவார்.

ஜாதவ்பூரில் எஞ்சினியரிங் படித்தேன். படித்த வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பாதி கேரம்போர்டு, பாதி வேலைநிறுத்தம். எண்பதுகளின் நடுவில், அதே வட்டாரத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"என்ன சோலி பாக்கணுமாம்?" என்றார் அப்பா.

"படத்துல ஒரு சாமானோட விளிம்பு எங்க இருக்குன்னு கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைக்கணும்ப்பா."

"விளிம்பா? ஏல, தட்டைக் கையில எடுத்தா விளிம்பு தெரியாதா? இதுக்கு ஒரு கம்ப்யூட்டரு, அதுக்கு ஒரு ஏசி, அதைப் பாத்துக்கிட நீயா?" காபி அரைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த மர ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உன் டெம்பரவரி முடியட்டும். இது உனக்குத்தான் கெடக்கு."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நாளெல்லாம் மிஷின் இரைச்சல், காதுக்குள் காபித்தூள், "நூறு கிராம், சிக்கரி கம்மியா" என்று நிற்கும் மாமிகள். நான் விஞ்ஞானியாகப் பிறந்தவன் என்பதில் எனக்கு அப்போது துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் தலைவி ஷிப்ரா தி. வங்காளத்தில் அக்காவை இப்படித்தான் பெயரோடு 'தி' சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கியவர், வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் பார்த்தால் மீன் வாங்க வந்தவர் மாதிரி இருப்பார். கையில் எப்போதும் ஒரு காகிதப் பொட்டலத்தில் பொரியும் பச்சை மிளகாயும் இருக்கும். நம் பிரிண்ட் அவுட்டை மேஜையில் விரித்து, அதன்மேல் பொரியைச் சிந்திக்கொண்டே படிப்பார். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். முழுக்கப் படித்துவிட்டு, "ஆபார்" என்பார். 'மறுபடியும்' என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு அளவு சரியா என்று பார்க்க வேண்டுமென்றால், சாமானைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும், திருப்பி வைக்க வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். அதையும் அந்த அளவை நம்பாத ஆள்தான் செய்ய வேண்டும். வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு பத்து முறை அளந்து பத்தும் ஒன்றாக வருகிறது என்று காட்டினால், "நீ கேமராவைச் சோதிக்கலை ஷுப்ரோ, உன் பொறுமையைச் சோதிச்சிருக்கே" என்பார். என் பெயர் சுப்பிரமணியம். வங்காளத்தில் அதற்கு மேல் நீளாது. இரண்டாவது சட்டம் இன்னும் எளிது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்.

நாங்கள் அளந்தது டீசல் பம்புக்குள் போகும் ஊசிகளை. ஹவுராவில் அதைச் செய்யும் தொழிற்சாலையின் மானேஜர் தத்தா பாபு, துணியில் சுற்றி, ஒரு புகையிலை டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். ஊசிக்குப் பின்னால் விளக்கு, முன்னால் கேமரா. வெளிச்சத்தில் ஊசி கறுப்பாக நிழல் விழுந்து நிற்கும். இடது விளிம்பையும் வலது விளிம்பையும் கண்டுபிடித்தால் நடுவில் இருப்பது தடிமன். கேட்க எவ்வளவு சுலபம்! தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அந்த ஊசி உதவாது. எங்கள் கணக்கிலோ, அதே ஊசியை எடுத்து வைத்தால் ஒரு தடவை மெலிந்திருக்கும், அடுத்த தடவை பெருத்திருக்கும்.

அளவு துல்லியமாக வரவேண்டுமென்றால் படம் துல்லியமாக இருக்க வேண்டும். இதுதான் என் சித்தாந்தம். காலையில் வந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போவேன். கேமரா லென்ஸின் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஊசியின் விளிம்பு கத்திபோலத் தெரியும்வரை ஃபோகஸ் செய்வேன். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் டெக்னீஷியன் பிமல் தா ('தா' என்றால் அண்ணன்) பின்னால் நின்றுகொண்டு, "பூஜை முடிஞ்சுதா புரோகிதரே? டீ குடிக்கலாமா?" என்பார்.

படத்தை எவ்வளவு கூர்மையாக்கினேனோ, அளவு அவ்வளவு துள்ளியது. நான் அசரவில்லை. கேமரா போதாது, கணக்கும் படத்தை இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்று முடிவுகட்டி ஒரு புதிய புரோகிராம் எழுத ஆரம்பித்தேன். எழுதினேன், எழுதினேன், அது பாட்டுக்கு வளர்ந்தது. அதற்கு என் பெயரையே வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

மழைக்காலத்தில் தத்தா பாபு வந்து, துர்கா பூஜை விடுமுறைக்குள் நாங்கள் நிரூபிக்காவிட்டால் வெளிநாட்டு மிஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் ஷிப்ரா தி என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ப்ராஜெக்ட் போனா உன் போஸ்டும் போயிடும் ஷுப்ரோ. என்னால வேற இடம் குடுக்க முடியாது. தெரிஞ்சுக்கோ."

தெரிந்துகொண்டேன். என் கண்முன்னால் ஸ்டூல் வந்து நின்றது.

அந்த வாரம்தான் விஸ்வகர்மா பூஜை வந்தது. இங்கே அன்றைக்கு எந்த மிஷினும் ஓடாது. லேத்துக்கும் லாரிக்கும் பூஜை நடக்கும், வானம் பூராவும் பட்டமாக இருக்கும். பிமல் தா கம்ப்யூட்டருக்கு எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் குறி போட்டு மாலை கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மனக்குறை. நம் ஆயுத பூஜை துர்கா பூஜை விடுமுறைக்குள் வந்துவிடும், ஆபீஸ் பூட்டியிருக்கும், என் கேமராவுக்கு ஒரு வருஷமாவது முறையாகப் பொட்டு வைத்ததில்லை. இந்த வருஷம் எனக்குத் தெய்வத்தின் தயவு வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. அம்மாவிடம் சொல்லி, கடைச் சந்தனத்தை ஒரு டப்பாவில் குழைத்துக் கொண்டுவந்தேன்.

"ஏய், அங்க நான் குங்குமம் வைக்கணும்" என்றார் பிமல் தா.

"கேமரா எங்க டிபார்ட்மெண்ட் பிமல் தா. தெற்கத்திச் சாமிக்குத்தான் ஒதுக்கீடு."

இடது கையால் லென்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதன் வளையமும் உடம்பும் சேருகிற இடத்தில் மோதிர விரலால் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு அப்பினேன். நடுவில் குங்குமம். பிறகு மாடிக்குப் போய்ப் பட்டம் விட்டோம். என் பட்டம் ஏறியவுடனே அறுந்தது, அதை ஒரு சகுனமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஃபோகஸ் செய்யப் போனேன். சந்தனம் இறுகிக் கிடந்தது, வளையம் திரும்பவில்லை. பலமாகத் திருப்பினால் பொட்டு உடையும். சாமிக்கு வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாகச் சுரண்டக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தெய்வக் குற்றத்துக்கு அது சமயமல்ல. மானிட்டரில் படம் கொஞ்சம் மசமசவென்று இருந்தமாதிரி தெரிந்தது, மழைக்கால ஈரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். முந்தைய நாள் பூஜைக்கு முன்னால் ஏற்றி வைத்திருந்த என் புதிய புரோகிராமை ஓட்டினேன்.

ஊசியை எடுத்து வைத்தேன், அளந்தேன். எடுத்து வைத்தேன், அளந்தேன். பிமல் தாவை எடுத்து வைக்கச் சொன்னேன். அளவு அசையவில்லை! அறைக்குள் ஒரு குதி குதித்தேன். பலராம் மிட்டாய்க் கடையில் சந்தேஷ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். ஷிப்ரா தி சந்தேஷை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரோகிராம் மாத்தினே. வேற என்ன மாத்தினே?"

"ஒண்ணுமே மாத்தலை ஷிப்ரா தி."

"நல்லா யோசி."

"எல்லாம் புரோகிராம்தான்" என்றேன். சொன்னதோடு நிற்காமல், அதன் சிறப்புகளை போர்டில் எழுதி அவருக்கே வகுப்பெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில் "ஆபார்" என்றார். மறுபடியும் சரியாக வந்தது. நான் அன்று கடைக்குப் போய் ஸ்டூலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன்.

தத்தா பாபு வருகிற நாள் வந்தது. காலையில் சீக்கிரமே போய் அறையை ஒழுங்குபடுத்தினேன். ஒயர்களைச் சுருட்டினேன், மேஜையைத் துடைத்தேன். கடைசியில் கேமராவைப் பார்த்தால் லென்ஸில் வெடித்துப்போன சந்தனக் கட்டி. வெளிநாட்டு மிஷினோடு போட்டிபோடுகிற கருவியில் இதென்ன பட்டிக்காட்டு வேலை என்று கூச்சமாகிவிட்டது. பூஜை முடிந்து நாளாயிற்று, சாமி கோபித்துக்கொள்ளாது என்று எனக்கு நானே உத்தரவு கொடுத்துக்கொண்டேன். நகத்தால் சுரண்டினேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன், வளையம் விடுபட்டது. பழைய கைப்பழக்கத்தில் அருமையாக ஃபோகஸ் செய்தேன். மானிட்டரில் ஊசியின் விளிம்பு கத்திபோல நின்றது. ஆகா, இதுவல்லவா படம் என்று நினைத்தேன்.

தத்தா பாபு புகையிலை டப்பாவைத் திறந்து ஓர் ஊசியை எடுத்து வைத்தார். அளவு வந்தது. எடுத்துத் திருப்பி வைத்தார். வேறு அளவு வந்தது. மறுபடி வைத்தார். மூன்றாவதாக ஓர் அளவு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பிமல் தாவைப் பார்த்தேன். பிமல் தா கூரையைப் பார்த்தார்.

"இது அதே ஊசிதானே?" என்றார் தத்தா பாபு, ரொம்ப மரியாதையாக.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. கல்கத்தாவின் லோட்ஷெட்டிங்கை நான் அதுவரை எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன், அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஷிப்ரா தி சற்றும் பதறாமல், "வாங்க தத்தா பாபு, கேண்டீன்ல லுச்சி போட்டிருக்காங்க. ஜெனரேட்டர் ஓட நேரமாகும்" என்று, அந்த வங்காளத்துப் பூரியைச் சாப்பிட அவரைப் பிமல் தாவோடு அனுப்பிவிட்டு, இருட்டில் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொரிப் பொட்டலம் சரசரத்தது.

"நேத்து சரியா இருந்தது, இன்னைக்கு இல்லை. காலையில உன் கை என்னென்ன செஞ்சது? உன் மூளை என்ன நினைச்சதுங்கறது எனக்கு வேண்டாம். கை செஞ்சதை மட்டும் வரிசையா சொல்லு."

"ஒயரைச் சுருட்டினேன். மேஜை துடைச்சேன். அப்புறம்... கேமராவைச் சுத்தம் பண்ணினேன்."

"கேமராவுல என்ன அழுக்கு?"

"அழுக்கில்லை. பூஜைக்கு வச்ச சந்தனம்."

"எங்க வச்சே?"

தொட்டுக் காட்டினேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிக்கொண்டு போனது. "இந்த வளையத்து மேல. அதனால அன்னைலேருந்து ஃபோகஸ் பண்ண முடியலை. இன்னைக்குத்தான் சரியா பண்ணினேன். இப்ப ரொம்பக் கூர்மையா இருக்கு ஷிப்ரா தி..."

மெல்லுகிற சத்தம் நின்றது.

"கூர்மையா இருந்தா விளிம்பு எப்படித் தெரியும்?" என்றார். "ஒரு கட்டம் முழுக் கறுப்பு, பக்கத்துக் கட்டம் முழு வெள்ளை. ஊசி துளி நகர்ந்தா?"

"ஒண்ணும் மாறாது."

"இன்னும் துளி நகர்ந்தா?"

"ஒரு கட்டம் அப்படியே தாண்டிக் குதிக்கும்" என்றேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேமரா படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் பார்க்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இரண்டு மூன்று சாம்பல் கட்டங்கள் இருந்தால்தான், எவ்வளவு சாம்பல் என்று பார்த்து, விளிம்பு கட்டத்துக்குள் எதுவரை நுழைந்திருக்கிறது என்று கணக்குப் போட முடியும். படம் துளி மசமசப்பாக இருந்தால்தான் அந்தச் சாம்பலே கிடைக்கும். மூன்று வருஷமாக அந்தச் சாம்பலைத் தினமும் காலையில் பயபக்தியோடு அழித்துக்கொண்டிருந்தவன் நான். பூஜையன்று லென்ஸைக் கெட்டியாகப் பிடித்ததில் வளையம் துளி திரும்பியிருக்கிறது, அப்பா கடைச் சந்தனம் அதை அங்கேயே பூட்டி வைத்திருக்கிறது. அதையும் நான் சுரண்டி எறிந்துவிட்டேன்.

ஷிப்ரா தி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "போ, கெடுத்து வை" என்றார்.

ஜெனரேட்டர் ஓடியது. நான் வளையத்தைத் துளித்துளியாகத் திருப்பிப் படத்தைக் கெடுத்தேன். அளவு சேர்ந்து வந்தது. ஆனால் ஜெனரேட்டர் அதிர்வில் வளையம் நிற்காமல் மெல்ல நழுவியது. டேப் ஒட்டினேன், பிய்த்துக்கொண்டது. டிராயரைத் திறந்தேன். அம்மாவின் டப்பா இருந்தது. இறுகிக் கிடந்த மிச்சத்தைப் பெயர்த்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, முருகா என்று அப்பினேன். டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தேன். தத்தா பாபுவுக்குக் கேண்டீனில் இன்னொரு தட்டு லுச்சி போகும்படி ஷிப்ரா தி சொல்லியனுப்பினார்.

தத்தா பாபு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பினபோது சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. குனிந்து பார்த்தார். "எடா கீ?" என்றார். இது என்ன?

"வளையத்தைப் பூட்டற கலவை" என்றார் ஷிப்ரா தி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "மதராஸ் சரக்கு."

தத்தா பாபு தன் கையாலேயே வைத்தார், எடுத்தார். வேறு ஊசியை நடுவில் கலந்து ஏமாற்றிப் பார்த்தார், அதையும் கேமரா பிடித்தது. டப்பா காலியாகும்வரை அளந்தார். பிறகு ஊசிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "வெளிநாட்டுக்காரனுக்கு வேண்டாம்னு எழுதிடறேன்" என்றார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன்.

என் புரோகிராம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஷிப்ரா தி தன் இரண்டாவது சட்டப்படி, சந்தனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, என் புரோகிராமை எடுத்துவிட்டுப் பழையதை ஓட்டிப் பார்த்தார். துல்லியம் இன்னும் கூடியது. படம் கொடுத்த சாம்பலை என் கணக்கு கூர்மையாக்கிக் கூர்மையாக்கிக் கொஞ்சம் தின்றுகொண்டிருந்ததாம். அந்தத் துறைக்கு நான் செய்த பெரிய தொண்டு அதை அழித்ததுதான். அப்படியும் பூஜை விடுமுறைக்கு முதல் நாள் என் போஸ்டை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். ஹவுராவுக்குப் போன கருவியில் சந்தனத்துக்குப் பதிலாக ஒழுங்கான திருகு வைத்தோம். முதல் கேமராவில் மட்டும் அவர் பொட்டை எடுக்க விடவில்லை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். அப்பா காபிக்கொட்டை அளந்துகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆர்வத்தில் வாய் தவறி, "சுத்தமான சந்தனமா இருந்திருந்தா உதிர்ந்து போயிருக்கும்ப்பா" என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தராசுத் தட்டு பறக்கப் போகிறது என்று ஒதுங்கி நின்றேன்.

தராசின் நெற்றியில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தான் வைக்கும் பொட்டையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ கடைக்கு வரமாட்ட."

"இல்லப்பா."

அவருக்கு அடுத்து அந்தக் கடையில் உட்கார வேறு ஆள் கிடையாது. நான் ஒற்றைப் பிள்ளை. நான் பயந்து ஓடிய ஸ்டூலில் அவர் எதை எதையோ எதிர்பார்த்து வைத்திருந்தார் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

அவர் எழுந்து, ஸ்டூலை எடுத்து அப்பளக்கட்டுகளுக்குப் பின்னால் ஓரமாகப் போட்டார். சந்தன டின்னைத் திறந்து, கை நிறைய அள்ளி, தாளில் மடித்து, சணல் சுற்றி என் கையில் வைத்தார்.

"இந்தா, உன் மிஷினுக்கு வச்சுக்க" என்றார். "சுத்தமானது வேணும்னா வேற கடையில போய் வாங்கு."